விருத்தாசலத்தில் இரண்டு பெரியநாயகி!

விருத்தாசலம் என்றதும் நம்மில் பாதிப் பேருக்கு ஞாபகம் வருவது ஜங்ஷன்தான். விழுப்புரம் தாண்டித் திருச்சி போகிற கார்டு லைன் ரயிலில் நல்ல தூக்கத்தில் இருப்போம். "காப்பி... காப்பி..." என்று ஒருவர் நம் காதுக்கு மட்டும் ஸ்பெஷலாகக் கத்திக்கொண்டு போவார். எட்டிப் பார்த்தால் மஞ்சள் போர்டில் விருத்தாசலம். சேலத்துக்கு ஒரு லைன் பிரியும், கடலூர்ப் பக்கம் இன்னொரு லைன் பிரியும். 'சரி, இன்னும் நேரமிருக்கு' என்று திரும்பிப் படுத்துவிடுவோம்.

இறங்கிப் பார்த்தால்தான் தெரிகிறது, இது லேசுப்பட்ட ஊர் இல்லை என்று. மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதர் கோயில். பழைய பெயர் திருமுதுகுன்றம். காசியைவிட வீசம் புண்ணியம் கூட என்று ஊர்க்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். கோபுரம் அஞ்சு, நந்தி அஞ்சு, தீர்த்தம் அஞ்சு, தேர் அஞ்சு என்று கோயிலில் எல்லாமே அஞ்சு. கடலைக்கொட்டை, முந்திரி ரகங்களில் 'வி.ஆர்.ஐ.' என்று போட்டு ஒரு நம்பர் வருமே, அந்த வி.ஆர்.ஐ. வேறு யாருமில்லை, இந்த ஊர் ஆராய்ச்சி நிலையம்தான்.

இன்னொரு பெருமை பீங்கான். இதற்கென்றே தொழிற்பேட்டை, இதற்கென்றே அரசாங்கத்தின் தொழில்நுட்பப் படிப்பு. கரண்ட் போனால் ஸ்டூல் போட்டு ஏறி வெள்ளையாக ஒரு கட்டையைப் பிடுங்குவோமே, அந்த ஃப்யூஸ் கேரியரைச் செய்கிற ஊர். பொம்மையும் செய்கிறார்கள், அகல் விளக்கும் செய்கிறார்கள்.

எனக்கு இந்த ஊரில் இரண்டு வேலை. ஒன்று, கொலுவுக்குப் பொம்மை வாங்கி வரவேண்டும். (வீட்டு உத்தரவு. அப்பீல் கிடையாது.) இரண்டாவது, இங்கே இருக்கும் ஒரு ஓய்வு பெற்ற தமிழாசிரியரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கவேண்டும். பள்ளிக்கூடத்தில் உலகத்து மதங்களையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரலாமா, கூடாதா? எங்கள் காலனியில் இதைப் பற்றி ஆரம்பித்த விவாதம் இரண்டு பேர் பேசிக்கொள்ளாமல் போவதில் முடிந்திருக்கிறது. எனக்கோ இரண்டு பேரும் வேண்டும்!

மாதாவுக்கு எத்தனை விரல்?

முதலில் பொம்மை. தொழிற்பேட்டையில் ஒரு சின்ன யூனிட். வாசலில் மூட்டை மூட்டையாகக் களிமண் பொடி. இதோடு வேறு கற்பொடிகளும் சேர்த்து, தண்ணீர் விட்டு, உருளும் டிரம்மில் போட்டு மணிக்கணக்கில் அரைக்கிறார்கள். தோசை மாவு மாதிரி கூழ் வருகிறது. அதைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, உள்பக்கத்தில் ஆடை கட்டின மாதிரி மண் ஒட்டிக்கொள்கிறது. மிச்சக் கூழைக் கவிழ்த்து ஊற்றிவிட்டு, கொஞ்சம் இறுகினதும் அச்சைப் பிரித்தால் பிள்ளையார் ஈரமாக உட்கார்ந்திருக்கிறார். உள்ளே வெறும் கூடு!

பிசிறு எடுத்துக் காயவைத்துச் சூளைக்கு அனுப்புகிறார்கள். ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடு. வேகும்போது சுருங்கும் என்பதால் அச்சையே கொஞ்சம் பெரிசாகத்தான் செய்ய வேண்டுமாம். "சூளைக்குள்ள போறப்ப எல்லாருமே கொஞ்சம் பெரிய ஆளுதான் சார். வெளிய வர்றப்பத்தான் அசல் சைஸு தெரியும்" என்றார் சூளைக்காரர். எனக்குத் தெரிந்த சில பிரமுகர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

வண்ணம் தீட்டும் இடத்தில் ஒரு அம்மா. ஐம்பது வயது இருக்கும். கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு குடில் பொம்மைக்குப் பிரஷ் ஓட்டிக் கொண்டிருந்தார். பக்கத்தில் முடித்து வைத்த பிள்ளையார், புத்தர், மாதா. பார்த்துக்கொண்டே நின்றேன்.

"அம்மா, எல்லா சாமியும் உங்களுக்கு அத்துப்படியா?"

"தெரிஞ்சாத்தான சார் பொழைக்க முடியும்? மாதாவுக்கு நீலத் துணியை வேற கலர்ல அடிச்சா கடைக்காரர் திருப்பி அனுப்பிடுவார். புத்தர் கை எது மேல எது கீழன்னு இருக்கு. பிள்ளையாருக்கு ஒடைஞ்ச தந்தம் எந்தப் பக்கம்? மாத்தி வெச்சா பாக்குறவங்களுக்கு மனசு கஷ்டம். எங்களுக்குக் கூலி நஷ்டம்."

"நீங்க எந்த சாமி கும்பிடுவீங்க?"

"அது வீட்ல சார். இங்க வேலை" என்று சிரித்தார்.

இந்த ஒரு பதிலை நான் அப்படியே மடித்துப் பையில் வைத்துக் கொண்டேன். பின்னால் நிறைய உபயோகப்பட்டது.

திருத்தம் கேட்ட அம்மன்

தமிழாசிரியர் என்னைக் கோயிலுக்கே அழைத்துக்கொண்டு போனார். "வீட்ல பேசினா டி.வி. சத்தம். இங்கதான் காத்து வரும்." ஆழத்துப் பிள்ளையாரை எட்டிப் பார்த்தோம். பெயருக்கு ஏற்ற மாதிரி தரைமட்டத்துக்குக் கீழே படியிறங்கித்தான் தரிசனம். அம்மன் சன்னிதிக்கு எதிரே நிழலில் உட்கார்ந்ததும் என் கேள்வியைப் போட்டேன்.

அவர் நேராகப் பதில் சொல்லவில்லை. வாத்தியார் இல்லையா? கதை சொன்னார்.

"குரு நமசிவாயர்னு ஒருத்தர், திருவண்ணாமலையிலேருந்து சிதம்பரம் போற வழியில இங்க தங்கினார். ராத்திரி நல்ல பசி. இங்க அம்மன் பேரு பெரியநாயகி. விருத்தாம்பிகைன்னும் சொல்வாங்க. 'கிழத்தியே, சோறு கொண்டா'ங்கற அர்த்தத்துல ஒரு பாட்டுப் பாடிட்டார். அம்மன் கிழவியாவே வந்து நின்னு, 'ஏம்ப்பா, கிழவிக்கு நடக்க முடியுமா, சோத்தைத் தூக்கிட்டு வர முடியுமா? இளமையா இருக்கேன்னு பாடு'ன்னு கேட்டாளாம். அவர் மாத்திப் பாட, சின்னப் பொண்ணா வந்து சோறு போட்டாளாம். அதுதான் பாலாம்பிகை. தனிச் சன்னிதியே இருக்கு."

"நல்ல கதை ஐயா. ஆனா என் கேள்விக்கு..."

"அதான் சார் பதில். தன்னைப் பத்தி ஒருத்தர் தப்பாச் சொன்னா சாமியே எறங்கி வந்து திருத்தம் கேக்குது. மனுஷன் கேக்க மாட்டானா? ஒரு மதத்தைப் பத்திப் பாடம் நடத்தினா, அந்த மதத்துப் பிள்ளை கடைசி பெஞ்சுல ஒக்காந்து கேட்டு, 'ஆமா, நாங்க இப்படித்தான்'னு தலையாட்டணும். அந்த மாதிரி நடத்த முடிஞ்சா நடத்தலாம். முடியலேன்னா கணக்கு நடத்தப் போயிடலாம்."

எனக்கு அந்தப் பிரஷ் பிடித்த அம்மா நினைவுக்கு வந்தார். அவர் சொன்னதும் இதுதானே?

சேலை கட்டிய மாதா

"இங்க ஒரு பெரியநாயகியைப் பாத்தீங்க. வாங்க, இன்னொருத்தங்களையும் பாத்துட்டு வந்துடலாம்" என்றார். உளுந்தூர்ப்பேட்டை ரோட்டில் மங்கலம்பேட்டைப் பக்கம் சுமார் இருபது கிலோமீட்டர். ஊர் பெயர் கோணான்குப்பம். அங்கே பெரியநாயகி அன்னை ஆலயம். ஆமாம், மாதா கோயில்தான்! ஜனவரியில் தேர்த்திருவிழா நடக்கும்.

இந்தக் கோயிலோடு பேசப்படும் பெயர் வீரமாமுனிவர். இத்தாலியில் 1680-ல் பிறந்த பெஸ்கி பாதிரியார். 1710 வாக்கில் இந்தியாவுக்கு வந்து, தமிழ் படித்து, நாம் இன்றைக்கும் மலைக்கிற அளவுக்குத் தமிழ் எழுதினவர். சதுரகராதி தந்தவர், குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் மொழிபெயர்த்தவர், பரமார்த்த குருவையும் அவருடைய சீடர்களையும் வைத்து நம்மைச் சிரிக்க வைத்தவர்.

அவர் வைத்திருந்த மாதா சொரூபம் இங்கே புதருக்குள் தொலைந்து போனது என்றும், முகாசாபரூர் கச்சிராயர் என்ற இந்து ஜமீன்தார் கோயில் கட்டி வைத்தார் என்றும் இந்தப் பக்கத்தில் சொல்லிக்கொள்கிறார்கள். தமிழ்ப் பெண் போலவே சேலை கட்டிய மாதாவாகப் படம் வரைந்து, மணிலாவுக்கு அனுப்பிச் சிலை செய்து வரவழைத்தார் என்றும் சொல்கிறார்கள். பெயர் மட்டும் எங்கிருந்து வந்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. இருபது கிலோமீட்டர் தள்ளி அதே பெயரில் ஓர் அம்மன் இருக்கிறாளே!

நான் போன அன்று கூட்டம் அதிகமில்லை. மெழுகுவத்தி ஏற்றிக் கும்பிட்டவர்களில் இரண்டு பேர் நெற்றியில் திருநீறு. யாரும் யாரையும் உற்றுப் பார்க்கவில்லை, என்னைத் தவிர.

"சமரசத்துக்கு எடுத்துக்காட்டு!" என்று நான் உணர்ச்சிவசப்பட, ஆசிரியர் கையமர்த்தினார்.

"அவசரப்படாதீங்க. வீரமாமுனிவர் சும்மா பாடம் நடத்த வரலை. தன் மதத்தைப் பரப்பத்தான் வந்தார். அதை மறைக்கவும் இல்லை. அவருக்குப் பெரிய சண்டை யாரோட தெரியுமா? தரங்கம்பாடி லுத்தரன் பாதிரிமாரோட. வேத விளக்கம், பேதகமறுத்தல்னு புஸ்தகமே போட்டு வாதம் பண்ணினார். பங்காளிச் சண்டைதான் சார் எப்பவும் பெரிசு! அவர் கத்துக்கிட்டது நம்மளை மாத்தறதுக்கு. பள்ளிக்கூடத்துல கத்துக் குடுக்கறது யாரையும் மாத்தறதுக்கு இல்லை. புரிஞ்சுக்கறதுக்கு. இந்த வித்தியாசத்தை விட்டுட்டா எல்லாம் போச்சு."

3615 தெரியும், சூசையப்பர் தெரியாது

வீரமாமுனிவரின் பெரிய காவியம் தேம்பாவணி. இயேசுவின் வளர்ப்புத் தந்தையான சூசையப்பர்தான் பாட்டுடைத் தலைவர். ஜோசப்புக்கு வளன் என்று தமிழ்ப் பெயர் சூட்டியிருக்கிறார். பல தலைமுறையாக நம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தமிழ்ப் பாடத்தில் இதைப் படித்து வருகிறார்கள். 2019-ல் வந்த பத்தாம் வகுப்புப் புத்தகத்திலும் இருக்கிறது.

ஆசிரியர் தன் வகுப்பில் நடந்ததைச் சொன்னார்.

"தேம்பாவணியில் எத்தனை பாட்டுன்னு கேட்டா மொத்த வகுப்பும் '3615'ன்னு கத்தும். காண்டம் மூணு, படலம் முப்பத்தாறு, எல்லாம் தண்ணி பட்ட பாடு. ஒரு நாள் ஒரு பையன் எந்திரிச்சு, 'ஐயா, சூசையப்பர் யாருங்கய்யா?'ன்னான். ஒருத்தருக்கும் தெரியலை. அவர் தச்சர்ங்கறதுகூடத் தெரியலை. வகுப்புல ஒரு கிறிஸ்தவப் பொண்ணு இருந்தா. 'நீ சொல்லும்மா'ன்னேன். ரெண்டு வரி சொன்னா. பசங்க மேல மேல கேள்வி கேட்டாங்க. அதுக்குத் தெரியலை. அழுதிருச்சு. அன்னிக்கு முடிவு பண்ணினேன். பதினாலு வயசுப் புள்ள என்ன, வாடிகன் தூதரா? அது மதத்துக்கு அதுவே வக்கீலா நிக்கணுமா? தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்ல வேண்டியவன் வாத்தியார்."

அடுத்த வாரம் தயார் செய்துகொண்டு போய்ப் பத்து நிமிஷம் பேசியிருக்கிறார். கிறிஸ்தவர்கள் என்ன நம்புகிறார்கள், சூசையப்பருக்கு அதில் என்ன இடம் என்பதெல்லாம். மறுநாள் காலையில் ஒரு மாணவனின் அப்பா ஸ்கூல் வாசலில்.

"'எங்க புள்ளைக்கு எதுக்கு சார் அந்த மதம்?'னு கேட்டார். கொளஞ்சியப்பர் கோயில்ல போயி என் மேல பிராது கட்டாம நேரா என்கிட்ட வந்தாரே, அதுக்கே நன்றின்னு நெனைச்சுக்கிட்டேன்."

(மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் குறைகளை மனுவாகவே எழுதிச் சாமியிடம் கட்டிவிட்டு வருவார்கள். இந்தப் பக்கத்துக் கோர்ட்டு அது!)

"நான் புஸ்தகத்தைக் காட்டினேன். 'சார், இது தமிழ்ப் பாடம். இதுக்கு முன்னாடி தேவாரம் நடத்தினேன். அந்தக் கிறிஸ்தவப் பொண்ணு மனப்பாடமா ஒப்பிச்சா. அவங்கப்பா வந்து கேக்கலையே'ன்னேன். கொஞ்ச நேரம் பேசாம நின்னார். அப்புறம், 'அப்ப நம்ம பழமலைநாதரைப் பத்தியும் அவங்களுக்கு ஒழுங்காச் சொல்லிக் குடுப்பீங்களா?'ன்னார். 'அது என் கடமைங்க'ன்னேன். டீ சாப்ட்டுட்டுப் போனார்."

சட்டம் என்ன சொல்கிறது?

அந்த அப்பாவின் பயம் அர்த்தமில்லாத பயம் அல்ல. நம் அரசியல் சட்டத்தை எழுதியவர்களுக்கே அது இருந்தது. 28-வது பிரிவு, முழுக்க அரசாங்கப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் மத போதனை கூடாது என்கிறது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் மற்றப் பள்ளிகளிலும், மத போதனைக்கோ வழிபாட்டுக்கோ ஒருவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. சிறு பிள்ளை என்றால் பெற்றவர் சம்மதம் வேண்டும்.

அப்படியானால் மதம் என்ற பேச்சே வகுப்பில் எழக்கூடாதா? இதற்குத்தான் கமிட்டி மேல் கமிட்டி போட்டார்கள். நம் ராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-49-ல் பல்கலைக்கழகக் கமிஷன், கல்லூரிகளில் மகான்களின் வாழ்க்கையையும் பல மத நூல்களிலிருந்து பொதுவான பகுதிகளையும் படிக்கச் சொன்னது. சென்னை மாநிலத்துக்கு 1952 முதல் 1956 வரை கவர்னராக இருந்த ஸ்ரீபிரகாசா தலைமையில் 1959-ல் இதற்கென்றே ஒரு கமிட்டி. பிறகு 1964-66-ல் கோத்தாரி கமிஷன். அது விஷயத்தை இரண்டாகப் பிரித்தது: ஒரு மதத்தைப் போதிப்பது வேறு, மதங்களைப் பற்றிச் சொல்லித் தருவது வேறு. முதலாவது அரசுப் பள்ளியின் வேலையில்லை. இரண்டாவது பல மதங்கள் வாழும் ஜனநாயக நாட்டுக்குத் தேவை என்றது.

2002 செப்டம்பரில் அருணா ராய் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் இதே கோட்டைத்தான் பிடித்தது. மதங்களைப் பற்றிய படிப்பை 28-வது பிரிவு தடுக்கவில்லை. ஆனால் அது போதனையாக மாறிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சட்டத்தின் கோடு தெளிவு. வகுப்பறையில் அந்தக் கோட்டைப் போடுகிற சாக்பீஸ் வாத்தியார் கையில் இருக்கிறது என்பதுதான் சிக்கல்.

மற்ற நாடுகளில்? பக்கத்து வீடான இலங்கையில் சமயம் பள்ளிக்கூடப் பாடம். சாதாரணதரப் பரீட்சையிலும் உண்டு. ஆனால் சைவப் பிள்ளை சைவநெறிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஒரு பக்கம் போகும், முஸ்லிம் பிள்ளை இஸ்லாம் புத்தகத்தோடு இன்னொரு பக்கம் போகும், கத்தோலிக்கப் பிள்ளை வேறு பக்கம். அவரவர் மதம் அவரவருக்கு நன்றாகத் தெரியும். பக்கத்து பெஞ்சுக்காரன் மதம் பக்கத்து அறையில் நடக்கும்!

சிங்கப்பூர் 1984-ல் மேல் வகுப்புகளில் சமய அறிவைக் கட்டாயப் பாடமாக்கி, ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னது. ஐந்தாறு வருஷத்தில் அந்தக் கட்டாயத்தைக் கைவிட்டது. இங்கிலாந்தில் ஒவ்வொரு வட்டாரத்திலும் பல மதப் பிரதிநிதிகளும் ஆசிரியர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பாடத்திட்டம் போடுகிறார்கள். 1988 சட்டப்படி கிறிஸ்தவத்துக்கு முதலிடம் என்றாலும், நாட்டிலுள்ள மற்றப் பெரிய மதங்களும் அதில் வந்தாக வேண்டும். பிடிக்காத பெற்றோர் பிள்ளையை அந்த வகுப்பிலிருந்து விலக்கிக்கொள்ளலாம். அமெரிக்காவில் கலிபோர்னியா பக்கம் மொடெஸ்டோ என்ற ஊர், 2000-த்திலிருந்து ஒன்பதாம் வகுப்பில் எல்லாருக்கும் உலக மதங்களைப் பாடமாக்கியது. 2006-ல் வந்த ஓர் ஆய்வு, அந்தப் பிள்ளைகளுக்கு மற்றவர் உரிமை மேல் மதிப்புக் கூடியது, சொந்த மதத்தை விட்டுவிடவும் இல்லை என்று சொன்னது. பயந்தவர்களுக்கு இது நல்ல செய்தி.

ஜில்லாவே சிலபஸ்

திரும்பி வரும் வழியில் கேட்டேன்: "அப்ப நம்ம ஊர்லயும் தனிப் பாடமா வெச்சுடலாமா ஐயா?"

"வேண்டவே வேண்டாம்!" என்றார். நான் எதிர்பார்க்கவில்லை. "தனிப் பாடம்னா நோட்ஸ் வரும், கைடு வரும், ட்யூஷன் வரும். 'கோடிட்ட இடத்தை நிரப்புக: கௌதமர் பிறந்த இடம் டேஷ்.' சூசையப்பருக்கு நடந்ததே எல்லாருக்கும் நடக்கும். ஏற்கெனவே இருக்கறதை ஒழுங்கா நடத்தினாப் போதும். உலகத்துல வேற எங்கயாவது தாய்மொழிப் பாடத்துலயே இத்தனை மதம் இருக்கா சொல்லுங்க. மணிமேகலையில பௌத்தம். சீவக சிந்தாமணியில சமணம். தேவாரம், பிரபந்தம். சீறாப்புராணத்துல இஸ்லாம். தேம்பாவணியில கிறிஸ்தவம். யாரும் இதைத் திட்டம் போட்டுச் சேர்க்கலை. தமிழ் அப்படி வளர்ந்திருக்கு."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினார். அவர் சொன்னதையெல்லாம் வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றியது. பண்ருட்டிப் பக்கம் திருவாமூரில் பிறந்த அப்பர், கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் சமணப் பள்ளியில் தருமசேனர் என்ற பெயரில் இருந்து, பிறகு சைவத்துக்குத் திரும்பியவர். உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் திருநறுங்கொண்டையில் இன்றும் சமணர்கள் வழிபடும் அப்பாண்டைநாதர் கோயில். உமறுப் புலவர் சீறாப்புராணத்தை எழுத ஆதரவு தந்தவர்களில் ஒருவராகச் சொல்லப்படும் அபுல் காசிம் மரைக்காயர், கடற்கரையோரப் பரங்கிப்பேட்டைக்காரர். கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர். வடலூரில் வள்ளலார் 1867-ல் ஏற்றிய தருமசாலை அடுப்பு இன்னும் எரிந்து சோறு போடுகிறது. 1872-ல் திறந்த சத்திய ஞான சபையில் ஜோதிதான் சாமி. சிதம்பரத்தில் நடராஜரும் கோவிந்தராஜரும் ஒரே வளாகத்தில். பழைய தென்னார்க்காடு ஜில்லாவைச் சுற்றி வந்தாலே பாதி சிலபஸ் முடிந்துவிடும்!

"எல்லாம் இனிப்பாவும் நடத்தக் கூடாது" என்றும் ஒரு வார்த்தை சொன்னார். "அப்பர் கதையிலேயே சண்டை இருக்கு. சமணருக்கும் சைவருக்கும் நடந்த சண்டை. அதை மறைச்சுட்டு 'எல்லாரும் கட்டிப் புடிச்சுக்கிட்டாங்க'ன்னா பிள்ளைங்க நம்பாது. சண்டை இருந்தது, அப்படித்தான் சைவர் சொல்றாங்க, சமணர் பக்கத்துக் கதை வேறயா இருக்கும்னு சொல்லணும். 'இப்படி நம்புறாங்க'ன்னு சொல்லு. 'இதுதான் உண்மை'ன்னும் சொல்லாதே, 'இது பொய்'யின்னும் சொல்லாதே. அப்புறம் கடைசியா ஒண்ணு. நீ எந்தக் கட்சிங்கறது வகுப்புல தெரியக் கூடாது."

'அது வீட்ல சார். இங்க வேலை.' பிரஷ் பிடித்த அம்மா சொன்ன அதே வாக்கியம்! இவர் அரை மணி நேரம் சொன்னதை அவர் நாலு வார்த்தையில் முடித்திருக்கிறார். பி.எட். படிக்கிறவர்களை ஒரு நாள் அந்தத் தொழிற்பேட்டைக்கு அனுப்பி வைக்கலாம் என்று தோன்றியது.

"பள்ளிக்கூடத்துல சொல்லலைன்னா பிள்ளைங்க தெரிஞ்சுக்காம இருந்துருவாங்களா சார்?" என்று தொடர்ந்தார். "பாக்கெட்டுல போன் இருக்கு. வாட்ஸ்அப்புல ராத்திரி பன்னெண்டு மணிக்கு ஒரு வாத்தியார் வந்து பாடம் நடத்திட்டுப் போறார். அவருக்கு ட்ரெயினிங்கும் கெடையாது, இன்ஸ்பெக்ஷனும் கெடையாது. என் வகுப்புல ரெண்டு பசங்க. தினம் ஒண்ணா ஒக்காந்து சாப்பிடுவாங்க. எதையோ பாத்துட்டு ஒரு நாள் தனித் தனியா ஒக்காந்தாங்க. ரெண்டு வாரம் ஆச்சு சார், டிபன் பாக்ஸ் மறுபடி பக்கத்துல வர. நான் சீறாப்புராணத்தை வெச்சுத்தான் பேச்சை ஆரம்பிச்சேன். மார்க்குக்குன்னு இருந்த பாட்டு அன்னிக்கு மருந்தாச்சு."

அதற்கு மேல் நான் கேள்வி கேட்கவில்லை. எங்கள் காலனி விவாதத்துக்கும் பதில் கிடைத்துவிட்டது. இரண்டு பேரும் சரிதான். ஒருவர் போதனைக்குப் பயப்படுகிறார், ஒருவர் அறியாமைக்குப் பயப்படுகிறார். கோத்தாரி கமிஷன் அறுபது வருஷம் முன்னாலேயே இரண்டு பேருக்கும் தனித் தனி நாற்காலி போட்டு வைத்திருக்கிறது. நாம்தான் ஒரே நாற்காலிக்கு அடித்துக் கொள்கிறோம்.

உங்கள் வீட்டில் பத்தாவது படிக்கிற பிள்ளை இருந்தால் இன்றைக்கே ஒரு பரீட்சை வைத்துப் பாருங்கள். தேம்பாவணியில் எத்தனை பாட்டு? பதில் டாண் என்று வரும். அடுத்து, சூசையப்பர் யார் என்று கேளுங்கள். பதிலும் விவரமாக வந்தால், அந்தத் தமிழாசிரியருக்கு என் சார்பில் ஒரு கும்பிடு போட்டுவிடுங்கள். பேந்தப் பேந்த விழித்தால் திட்ட வேண்டாம். தெருவில் யார் வீட்டிலாவது மாதா படம் இருக்கும். போய்க் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். பதிலோடு காப்பியும் கிடைக்கும். அந்த வீட்டுப் பிள்ளை நாளைக்கு உங்கள் வீட்டுக்கு வந்து, 'பெரியநாயகி எதுக்குக் கிழவியா வந்தாங்க?' என்று கேட்டால் கதை சொல்ல நீங்களும் தயாராக இருங்கள்.

முறுக்கு இருந்தால் அதையும் கொடுங்கள்.